ஐந்தாவது கையெழுத்து

பன்னிரண்டாம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் நடத்திய இருபத்தெட்டு வருடமும் ஒரே ஒரு பாடத்தில் மட்டும் நான் புத்தகத்தைத் தாண்டிப் போனேன். சட்டமியற்றும் அவை ஒன்று இருந்தால் போதுமா, அதற்கு மேலே இன்னொன்று வேண்டுமா என்ற பாடம் அது. மேலவைக்கு ஆதரவாக நான்கு கருத்து, எதிராக நான்கு கருத்து என்று புத்தகம் யாருக்கும் நோகாமல் எழுதியிருக்கும். ஆதரவு நான்கையும் ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிட்டு, எதிர்ப்புக்கு ஒரு பீரியட் முழுவதையும் எடுத்துக்கொள்வேன். "ஜனங்ககிட்ட ஓட்டு வாங்காத ஆளு, ஓட்டு வாங்கின ஆளு போட்ட சட்டத்த நிறுத்தலாமா?" என்று மேசையைத் தட்டுவேன். கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிற பிள்ளைகூட எழும்பி, "கூடாது டீச்சர்" என்று சொல்லும்.

நம் மாநிலத்தில் மேலவை இருந்தது, கலைத்துவிட்டார்கள், மறுபடி கொண்டுவரலாம் என்று பேச்சு வந்து அதுவும் அடங்கிவிட்டது என்றெல்லாம் சொல்வேன். டெல்லி மாநிலங்களவை பண மசோதாவைப் பதினான்கு நாள் வைத்திருக்கலாம், அதற்கு மேல் முடியாது என்பதையும் சொல்வேன். ஆனால் என் கோபம் டெல்லி மேல் இல்லை. எங்கள் ஊர் மைதானத்தைக் கையில் வைத்திருந்த ஐந்து ஆண்கள் மேல் இருந்தது. அது பிள்ளைகளுக்குத் தெரியாது.

எங்கள் ஊர் பாளையங்கோட்டைக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால், இடையில் வாழையும் நெல்லும். இங்கே சர்ச் என்று யாரும் சொல்வதில்லை, கோயில் என்றுதான் சொல்வோம். கோயிலுக்குப் பின்னால் நாலு வேப்பமரமும் இரண்டு புளியமரமும் நிற்கிற மைதானம். மூன்று தலைமுறைக்கு முன் ஒருவர் அதைச் சபைக்கு எழுதி வைத்தார். அவர் ஊர்க்காரர்களை நன்றாக அறிந்தவராக இருந்திருக்க வேண்டும். தேர்தலில் ஜெயித்து வருகிறவர்கள் இடத்தைப் பங்கு போட்டுவிடுவார்கள் என்று பயந்து பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தார். மைதானத்தில் ஒரு செங்கல் வைப்பதானாலும் ஐந்து காரியஸ்தர்கள் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் நடக்காது. ஐந்து பேரில் ஒருவர் இறந்தால் மற்ற நால்வரும் கூடி வேறொருவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். தேர்தல் கிடையாது, பதவிக்காலம் கிடையாது, ராஜினாமாவுக்குக்கூட அந்தப் பத்திரத்தில் வழி கிடையாது.

மற்ற எல்லாக் காரியத்தையும் பார்ப்பது சபை மன்றம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதற்குத் தேர்தல். எங்கள் சபைத் தேர்தலைப் பார்த்தவர்களுக்குச் சட்டமன்றத் தேர்தல் சப்பென்றிருக்கும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முறியும், துபாயிலிருந்து லீவு போட்டு வந்து ஓட்டுப் போடுவார்கள். அப்படிப் பாடுபட்டு ஜெயித்த பன்னிரண்டு பேர் ஒரு தீர்மானம் போடுவார்கள். அதை ஐந்து பேரில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "பாப்போம்" என்று மூடி வைப்பார். அத்தோடு தீர்ந்தது.

என் கோபத்துக்குக் காரணம் ஒரு கழிப்பறை.

பிசான நெல் அறுவடை முடிந்ததும் வருகிற பண்டிகையின் கடைசி நாள் மைதானத்தில் அசனம் நடக்கும். ஊரே பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடுகிற நாள். சபையைச் சேர்ந்தவர், சேராதவர் என்று பார்ப்பதில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடுகூடச் சபையைச் சேர்ந்தது இல்லை, எல்லாரும் அம்மன் கொடை நடத்துகிறவர்கள். அவர்களும் வந்து உட்காருவார்கள். கடைசிப் பந்தி முடிந்ததும், அண்டாவைக் கவிழ்ப்பதற்கு முன் போதகர் மைக்கில், "சாப்பிடாதவங்க யாரும் உண்டுமா?" என்று மூன்று தரம் கேட்பார். மூன்றாவது தரமும் பதில் வராவிட்டால்தான் அண்டா கவிழும். அந்தக் கேள்வி எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

ஆனால் காலை ஏழு மணிக்குக் கத்தரிக்காய் நறுக்க உட்காருகிற பெண்கள் சாயங்காலம் நாலு மணிவரை அங்கேயேதான் இருக்க வேண்டும். ஆண்களுக்கு வாழைத்தோப்பு இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் இல்லை. அதனால் அசனத்தன்று பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். மாசி வெயில், அடுப்புப் புகை, கறிக்குழம்பின் காரம், அத்தனைக்கும் நடுவில் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. மறுநாள் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. இதைத் தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்தாள், ஒரு விரதத்தைப் போல.

மன்றம் மூன்று தரம் தீர்மானம் போட்டது. மூன்று தரமும் நாலு கையெழுத்து விழுந்தது. ஐந்தாவது ஆள், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், போடவில்லை. "ஜெபம் பண்ணுத எடத்துல கக்கூசா? நான் இருக்க மட்டும் நடக்காது." அவ்வளவுதான் அவருடைய வாதம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் அவர்தான் தலைமை ஆசிரியர். நேர்மையானவர், பிள்ளைகளை அடிக்காதவர், நல்ல மனிதர். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஒருமுறை கோயில் வாசலில் வைத்தே, "ஒங்களுக்கு யாரு ஓட்டுப் போட்டா?" என்று கேட்டுவிட்டேன். "யாரும் போடலியே டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நான் ஓய்வுபெற்ற வருடம் ஐந்து பேரில் ஒருவரான வாழைக்காய் வியாபாரி அண்ணாச்சி இறந்தார். பதினாறு நாள் கழித்துத் தலைமை ஆசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, "நாலு பேரும் பேசிட்டோம். அவரு எடத்துக்கு நீங்க வாங்க" என்றார். "வெளிய நின்னு சத்தம் போடுததுக்கு உள்ள உக்காந்து போடுங்க. எனக்குக் காது முன்ன மாதிரி இல்ல, பக்கத்துல இருந்தாத்தான் கேக்கும்" என்று எழும்பிப் போனார். அந்தப் பத்திரத்தின் சரித்திரத்தில் பெண் யாரும் இருந்ததில்லை.

என் கணவர் அன்று முழுவதும் சிரித்தார். "மேலவை வேண்டாம்னு இருவத்தெட்டு வருசம் பாடம் எடுத்தவளுக்கு மேலவையில சீட்டு" என்று தெருவில் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நான் ஏன் ஒப்புக்கொண்டேன் என்று கேட்டால், கழிப்பறைக்காக என்று சொல்வேன். பாதி உண்மை. பெண் என்று ஒருத்தி முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்காரப் போகிறாள், அது நானாக இருக்கட்டுமே என்ற ஆசையும் இருந்தது.

அதே வருடத் தேர்தலில் மன்றச் செயலாளராக ஒரு பெண் ஜெயித்தாள். என்னோடு அதே பள்ளியில் கணக்கு டீச்சராக வேலை பார்த்தவள், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். அவளுக்காக நான் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டிருக்கிறேன். முதல் கூட்டத்திலேயே கழிப்பறைத் தீர்மானத்தை எடுத்தாள். வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் தங்கள் அம்மாவின் நினைவாகக் கட்டித் தர முன்வந்தது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். கட்டடம் பாழாகாமல் இருக்க மைதானத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒரே வாசல் வைக்க வேண்டும், அது கோயில் பக்கம் இருக்க வேண்டும். அதில் தப்புச் சொல்ல முடியாது. ராத்திரியில் வெளியாட்கள் வந்து குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. தலைமை ஆசிரியருக்கும் அது பெரிய வேதனை. "செவரு வருதுன்னா கக்கூசும் வந்துட்டுப் போட்டும்" என்று இறங்கி வந்தார். இருபது வருடப் பிடிவாதம் ஒரு சுவரில் கரைந்தது.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம் என்று ஆராதனை நேரத்தில் அறிவிப்பது. மைதானக் காரியம் என்றாலும் அதே முறைதான். தையில் மூன்று ஞாயிறு வாசித்தார்கள். மூன்று தரமும் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். யாரும் எழும்பவில்லை. "ஆட்சேபணை எதுவும் இல்லை" என்று தீர்மானப் புத்தகத்தில் செயலாளர் எழுதினாள். சனிக்கிழமை நாலு மணிக்குக் கையெழுத்து. மற்ற நால்வரும் முந்தின நாளே போட்டுவிட்டார்கள். பாக்கி இருந்தது என்னுடையது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் இருப்புக் கொள்ளாமல் மைதானத்தைப் பார்க்கப் போனேன். சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். கழிப்பறை வரப்போகிற கட்டத்துக்குள் நின்று பார்த்தேன். இங்கே கதவு, இங்கே தண்ணீர்த்தொட்டி என்று கையை நீட்டிக்கொண்டு நின்றதை யாராவது பார்த்திருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். அவ்வளவு சந்தோஷம்.

அப்போது வாய்க்கால் பக்கமிருந்து ஒருத்தி வந்தாள். அந்தத் தெருவில் பீடி சுற்றுகிறவள். இளம்பிள்ளை வாதத்தில் சூம்பின இடது காலை ஒரு கையால் தொடையில் ஊன்றி ஊன்றி நடப்பாள். மறு கையில் துணி போட்டு மூடின பீடித் தட்டு. சுற்றின பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு மறுநாளுக்கு இலையும் தூளும் வாங்கி வருவது அவள் வேலை. பஸ் ரோட்டில் இருக்கிறது பீடிக்கடை. அந்தத் தெருப் பெண்கள் எல்லாருமே எங்கள் மைதானத்தின் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதையில்தான் அங்கே போவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பாதை அங்கே கிடக்கிறது. சுண்ணாம்புக் கோடு அதன் மேலேயும் போயிருந்தது.

"இதென்ன டீச்சர் கோடு?" என்றாள்.

பெருமையாகச் சொன்னேன். கழிப்பறை, தண்ணீர், சுற்றிலும் சுவர். அவளும் அசனத்துக்கு வருகிறவள்தானே, சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "நல்ல காரியம் டீச்சர்" என்றாள். பிறகு கோட்டையும் பாதையையும் பார்த்துவிட்டு, "அப்போ நாங்க எங்கன கூடிப் போறது?" என்று கேட்டாள்.

வாய்க்கால் கரையைச் சுற்றி மதகைத் தாண்டிப் போகலாம் என்றேன். சொல்லும்போதே அவள் காலைப் பார்த்தேன். கரையில் மழைக்காலத்தில் நல்ல காலுள்ளவர்களே வழுக்கி விழுவார்கள்.

"பன்னெண்டுக்குக் கடைய அடைச்சிருவாவ. சுத்திப் போனா நேரத்துக்குச் சேர முடியாது. ஒரு நாளு குடுக்கலன்னா மறுநாளு எல கெடையாது" என்றாள். கெஞ்சவில்லை. நடக்கப்போவதைச் சொன்னாள்.

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "மூணு வாரம் கோயில்ல வாசிச்சோமே, அப்பமே வந்து சொல்லியிருக்கலாம்லா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஒங்க கோயில்ல வாசிச்சா எங்களுக்கு எப்பிடித் தெரியும் டீச்சர்?"

கோபமே இல்லாமல் கேட்டாள். தட்டை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று பைய நடந்து போனாள். நான் சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளேயே நின்றேன். முன்வரிசையில் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். பாதையில் நடக்கிற ஒருவர்கூட வாசித்தபோது கோயிலுக்குள் இல்லை என்பது பன்னிரண்டு பேருக்கும் தோன்றவில்லை, ஐந்து பேருக்கும் தோன்றவில்லை, ஜனநாயகம் பற்றி இருபத்தெட்டு வருடம் பேசிய எனக்கும் தோன்றவில்லை.

நாலு மணிக்குப் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார்கள். செயலாளர் புதுப் பேனா வாங்கி வந்திருந்தாள். நான் பாதையைப் பற்றிச் சொன்னேன். சுவரில் வாய்க்கால் பக்கமும் ஒரு வழி விட்டால் போதும், உடனே போட்டுத் தருகிறேன் என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அக்கா, தீர்மானத்த மாத்தணும்னா மறுபடி கூட்டம், மறுபடி மூணு ஞாயிறு. கெட்டித் தாறவங்ககிட்ட மறுபடி கேக்கணும், ஒரே வாசல்னு சொல்லித்தான் ஒத்துக்கிட்டாங்க. இந்த வருச அசனத்துக்குள்ள கட்டடம் வராது. சில சமயம் வராமலே போயிரும்."

"தெரியும்" என்றேன்.

"நூத்துக்கணக்கான பொம்பளைங்க எனக்கு இதுக்காகத்தான் ஓட்டுப் போட்டாங்க. நீங்களே எங்கூட வந்து கேட்டீங்க." புத்தகத்தை என் பக்கம் இன்னும் தள்ளினாள். "ஓட்டு வாங்காத ஆளு நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானக்கா சொல்லுவீங்க. ஒங்களுக்கு யாரு ஓட்டுப் போட்டா?"

நான் கோயில் வாசலில் வைத்துத் தலைமை ஆசிரியரிடம் கேட்ட அதே கேள்வி. எதிரே உட்கார்ந்திருந்த அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைத்தாரோ, எனக்காக வருத்தப்பட்டாரோ தெரியாது. அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. அவளுக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு அவள் உண்மையாக இருந்தாள். அவளுக்கு ஓட்டுப் போட முடியாதவளைத்தான் நான் காலையில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இரண்டும் சரியாக இருக்கும்போது என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் நான் நடத்தியதில்லை.

"முடியாதுன்னு சொல்லல. இப்பம் போடல" என்று பேனாவை மூடினேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அடுத்த ஞாயிறு என் பக்கத்தில் உட்காரவில்லை. ஊரில் என்னைப் பற்றி என்னவெல்லாம் பேசினார்கள் என்பதை எழுதினால் இதே அளவுக்கு இன்னொன்று எழுத வேண்டும். நாற்காலி கிடைத்ததும் ஆள் மாறிவிட்டாள் என்பதுதான் சுருக்கம். என் கணவர்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

அந்த வருட அசனத்தில் நானும் காய் நறுக்க உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி அறுபது எழுபது பெண்கள். ஒருத்தியும் தண்ணீர் குடிக்கவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பதினோரு மணிக்கு முடியாமல் போய், ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோ கிளம்பும்போது அவள் மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான். வெட்கமாக இருந்தது. இப்போதே எழும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அதற்குப் பதிலாகச் செயலாளரைத் தேடிப் போனேன். பந்தி வரிசையைக் கவனித்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணே ஒண்ணு செய்யி. அந்த அறிவிப்ப இங்க ஒரு தரம் வாசி. யாரும் எழும்பலன்னா இன்னைக்கே கையெழுத்துப் போடுதேன்" என்றேன்.

அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் கணக்கு டீச்சர். ஒரு கணக்கில் ஒரு எண் விடுபட்டிருக்கிறது என்றால் மறுபடி கூட்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. கடைசிப் பந்தி உட்கார்ந்திருந்தது. போதகரிடம் மைக்கை வாங்கி, தாளைப் பிரித்து நாலாவது தரம் வாசித்தாள். மைதானத்தைச் சுற்றிச் சுவர், கோயில் பக்கம் ஒரே வாசல். தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம்.

கொஞ்ச நேரம் இலையில் கை போகிற சத்தம் மட்டும் இருந்தது. பிறகு வேப்பமரத்தடி வரிசையில் பீடிக்காரி எழும்பினாள். அவளுக்குத் தரையிலிருந்து எழும்புவது சுலபம் இல்லை. இடது கையால் பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து எழும்பி நின்றாள். வலது கையில் சோறு ஒட்டியிருந்தது. அவள் பக்கத்தில் இருந்தவள் எழும்பினாள். அப்புறம் எதிர் வரிசையில் மூன்று பேர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எச்சில் கையோடு, சாப்பாட்டுக்கு நடுவில் எழும்பி நின்றார்கள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் பாதியில் எழும்புவது எங்கள் ஊரில் சாதாரணக் காரியம் இல்லை.

செயலாளர் தாளை மடித்தாள். "உக்காருங்கம்மா. சாப்பிடுங்க. ஆட்சேபணைய எழுதிக்கிட்டேன்" என்று மைக்கிலேயே சொன்னாள். அவளை அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு போதகர் வழக்கம்போல, சாப்பிடாதவங்க யாரும் உண்டுமா என்று மூன்று தரம் கேட்டார்.

கட்டித் தருகிறவர்களுக்கு அவளே கடிதம் எழுதினாள். அவர்களும் மனிதர்கள்தானே, ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் அம்மாவும் பீடி சுற்றிப் படிக்க வைத்தவராம், அது எங்களுக்குத் தெரியாது. வாய்க்கால் பக்கம் வண்டி போகிற அகலத்துக்கு வழி விட்டு, பாதைக்கு இரண்டு பக்கமும் சுவர் எழுப்புவதாகத் தீர்மானம் திருத்தப்பட்டது. ஐந்தாவதாக நான் கையெழுத்துப் போட்டேன். ஆடியில் கழிப்பறையைத் திறந்தோம்.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். திறந்த மறுவாரம் பாதையில் பீடிக்காரியைப் பார்த்தேன். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்லவில்லை. நின்று, தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "டீச்சர், நீங்க கையெழுத்துப் போடலன்னதுனாலதான் இது நடந்துச்சாம்லா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"நீங்க இருந்திய, சரி. ஒங்களுக்குப் பொறவு அந்த நாக்காலிக்கு வார ஆளு எப்பிடியோ?"

இருபது வருடம் ஒரு கையெழுத்து எங்களுக்குத் தண்ணீரை நிறுத்தியது. அடுத்து ஒரு கையெழுத்து அவளுக்கு வழியைக் காப்பாற்றியது. இரண்டும் ஒரே நாற்காலி. முதல் தடவை அதில் உட்கார்ந்திருந்தவரும் நல்ல மனிதர்தான். அவளுடைய வழி என்னுடைய நல்ல குணத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது, எனக்குத்தான் பெருமையில் கண் தெரியவில்லை.

மறுநாள் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குத்தான் மறுபடி வாய் நிறைய அக்கா என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து இரண்டு தீர்மானம் எழுதினோம். ஒன்று, இனி ஐந்து பேரும் எதையும் தடுக்க முடியாது, காரணத்தை எழுதிக் கொடுத்து அடுத்த அசனம் வரை தள்ளிப்போடலாம், அங்கே எல்லார் முன்னும் வாசித்த பிறகு மன்றம் முடிவு செய்வதே முடிவு. இன்னொன்று, அந்தப் பாதையை மைதானத்திலிருந்து பிரித்துப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவது.

முதலாவது இன்னும் நடக்கவில்லை. பத்திரத்தை அப்படி மாற்ற முடியுமா என்று வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஐந்து பேரில் இரண்டு பேர் யோசிக்க வேண்டும் என்கிறார்கள். எங்களை ஒழிக்க எங்கள் கையெழுத்தே வேண்டியிருக்கிறது. இதை என் வகுப்பில் சொல்ல முடியாமல் போனதே என்று வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவதற்குத் தலைமை ஆசிரியர் மறுப்பார் என்று எல்லாரும் நினைத்தோம். எழுதி வைத்த இடத்தில் ஒரு சாண்கூட வெளியே போகக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் காவல் காத்தவர். புத்தகத்தை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நீரு சும்மா இரும்வே" என்று பக்கத்தில் ஏதோ சொல்ல வந்தவரை அடக்கினார். பிறகு என்னிடம் சொன்னார்.

"கக்கூசத் தொறந்த அன்னைக்கு எங்க வீட்டம்மா ஜெபம் முடிஞ்சி மைதானத்துல உக்காந்து ரெண்டு தம்ளர் தண்ணி குடிச்சா டீச்சர். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். இருவது வருசம் என் பக்கத்துலதான் இருந்தா, ஒரு வார்த்த அவகிட்ட நான் கேக்கல."

அவர் கண் கலங்கியிருந்தது. முதல் கையெழுத்தாகப் போட்டார். இத்தனை வருடம் அவர் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் மூன்று வாரம் முன்வரிசையில் உட்கார்ந்து யாரையும் கேட்காமல் இருந்தவள்தான்.

பத்திரப் பதிவு முடிந்த அன்று நகலை எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போனேன். பீடிக்காரி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தாள். வாசிக்கத் தெரியும், ஆனால் பத்திரத் தமிழ் யாருக்குப் புரிகிறது? நான் விளக்கினேன்.

"இனிமே இதுக்கு ஒங்க அஞ்சு பேரு கையெழுத்து வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஒங்க மன்றம்?"

"அவங்களாலயும் ஒண்ணும் செய்ய முடியாது. இனிமே அது பஞ்சாயத்துப் பாத."

தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

"அப்போ சரி டீச்சர்" என்றாள். "பஞ்சாயத்துல எனக்கு ஓட்டு இருக்கு."